மூன்றாவது ஸ்விட்ச்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம். பதிவின் தலைப்பில் அப்படி இருந்தது. கீழே பேச்சு.

“படுக்கையறையில மூணாவது ஸ்விட்ச். அழுத்துனா ஒண்ணும் நடக்கல.”

“எலக்ட்ரீசியனை அனுப்புறேன். பதினோரு மணிக்குள்ள வந்துடுவார். வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

“வேற என்ன இருக்கு.”

அடுத்த பதிவும் அதே ஆள். அதற்கு முந்தைய செவ்வாய், அதே பத்து பத்து, அதே ஸ்விட்ச். அதற்கு முந்தைய வாரமும். பட்டியலில் ஒன்பது வரை எண்ணிவிட்டு அவள் டீ எடுக்கப் போனாள்.

நிறுவனம் மூவாயிரம் குடியிருப்புகளைப் பராமரித்தது. லிஃப்ட் நின்றால், குழாய் ஒழுகினால், சாவி தொலைந்தால் எல்லோரும் ஒரே எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். எடுத்துப் பேசுவது ஏஐ. அதன் கையில் பதினொரு கருவிகள். எலக்ட்ரீசியனை அனுப்ப ஒன்று, பிளம்பரை அனுப்ப ஒன்று, லிஃப்டை நிறுத்தி மறுபடி ஓடவிட ஒன்று, இப்படி. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பு உண்டு. இது என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது. கூப்பிடுகிறவர் பேசுவதைக் கேட்டு, குறிப்புகளைப் படித்து, எந்தக் கருவி என்று அது முடிவு செய்யும். குறிப்புகளை எழுதுவது அவள் வேலை.

அலுவலகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பேர். மேலாளர் வைத்தது. “எல்லாத்தையும் பக்குவமா எடுத்துச் சொல்லணும். தப்பாப் பண்ணாலும் திட்ட முடியாது. வேற என்னன்னு கூப்பிடுறது?”

வந்த முதல் மாதம் அவள் பிளம்பர் குறிப்பில் ‘குளியலறையில் வரும் எல்லாக் குறைகளுக்கும்’ என்று எழுதிவிட்டாள். குளியலறை விளக்கு எரியவில்லை என்று ஒருவர் கூப்பிட்டார். பிளம்பர் போய் நின்றார். பல்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுல தண்ணி வரலையா?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து குறிப்பை எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படிப்பாள். எதிரே ஒரு நாற்காலி. வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் அதில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வாள். இவ்வளவுதான் உன்னிடம் சொல்வேன், இதை வைத்துச் சமாளிப்பாயா?

நாற்காலி, பக்கத்தில் வேலைக்கு வரவிருந்த ஆளுக்காக மேலாளர் போட்டது. ஆள் வரவில்லை. நாற்காலியை யாரும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மேலாளர் நாற்பது பதிவுகளை அனுப்பியிருந்தார். பின்னாலேயே அவரும் வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். உட்கார மாட்டார்.

“பாத்தீங்களா? குறையே இல்லாத வீடுகளுக்கு வயர்மேன் போய்ட்டு வர்றார். இந்த ஒரு வீட்டுக்கு ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் ‘குறை இல்லை’ன்னு எழுதியிருக்கார். அந்தப் பக்கம் ஒரு அம்மா லிஃப்ட் இல்லாம அஞ்சு மாடி ஏறுறாங்க. இவர் இங்க உக்காந்து கதை பேசுறார்.”

“கதை பேசுறாரா?”

“ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம். இல்லாத குறையப் பாக்க இருபது நிமிஷமா? மூணு தடவை போய் ஒண்ணும் இல்லைன்னா நாலாவது தடவை போகக் கூடாது. ஒரு வரி சேருங்க. திங்கட்கிழமை சாயங்காலம் குடுத்துடுங்க, செவ்வாய்க்கிழமை காலைல விட்டுடலாம்.”

“ஒரு வரின்னா ஒரு வாரம் ஆகும் சார்.”

“அதான் நாலு நாள் குடுக்குறேன். அந்த நாலு நாளும் லீவு நாளைச் சேத்துத்தான்.”

அவர் போனபின் பதிவுகளை முதலிலிருந்து படித்தாள்.

பதிவுகளில் பெயர்கள் இருக்காது. பெயர், தெரு, கதவு எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு நிரல் கறுப்புக் கட்டமாக்கிவிடும். சேர்ந்த அன்று அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். பதிவில் படித்ததை வெளியே கொண்டுபோவதில்லை. படித்ததை வைத்து யாரையும் தேடுவதில்லை. எளிதான உறுதிமொழிதான். தேடும்படி யாரும் இருந்ததில்லை.

அந்த ஒன்பதில் ஆறாவது பதிவு மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

“வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

“நீ ஓயாம கேள்வி கேக்குற. என் தங்கச்சியும் இப்படித்தான். மழை ஏன் பெய்யுது, நாய் ஏன் உக்காந்திருக்கு, நீங்க ஏன் சட்டை போடல. ஏன்கோழின்னு பேர் வச்சிருந்தோம்.”

“சரிங்க. எலக்ட்ரீசியன் பதினோரு மணிக்குள்ள வந்துடுவார்.”

“வரட்டும்.”

அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். வரி அப்படியேதான் இருந்தது.

நிரலுக்குப் பெயர்கள் தெரியும். ஏன்கோழியும் ஒரு பெயர் என்று அதற்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டவர்கள் மூன்று பேர். அம்மா, அண்ணன், அண்ணி. மிச்சம் இருப்பது அண்ணன்.

அண்ணன் அவளைவிடப் பதினாலு வயது பெரியவர். பஸ் டிப்போவில் முப்பது வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தார். அண்ணி ஒரு வெள்ளிக்கிழமை இறந்தாள். அப்போது இவள் வேறு ஊரில் இருந்தாள். தங்கச்சிக்குச் சொல்லிவிடுங்கள் என்று அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் தன் மகனிடம் சொன்னார். மகன் அவளுடைய பழைய எண்ணுக்குச் செய்தி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு எண்ணைத் தேட அந்தப் பழைய போனை உயிர்ப்பித்தபோது செய்தி வந்து விழுந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்புக்கூட இல்லை. அண்ணன் கதவைத் திறந்தார்.

“உனக்கு யாரும் சொல்லலையா?”

“நீங்கதான் சொல்லியிருக்கணும்.”

அவர் உள்ளே போய்விட்டார். அவள் ஒரு இரவு தங்கினாள். புது எண்ணை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். அவர் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. நாலு வருடம்.

பழைய வீட்டில்தான் இருக்கிறார் என்று நினைத்திருந்தாள். மூவாயிரத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கிறார்.

பதிவின் அடியில் ‘உறவினர் எண்’ என்று ஒரு இடம் உண்டு. குடிவரும்போது எழுதிக் கொடுப்பது. அதில் கறுப்புக் கட்டம் இருந்தது. எண் கொடுக்காதவர்களுக்குக் கட்டம் வராது, இடம் வெறுமையாக இருக்கும். அவர் யாருடைய எண்ணையோ கொடுத்திருந்தார்.

பதினோராவது கருவி அந்த எண்ணுக்கானது. ‘உறவினருக்குத் தெரிவி.’ அதன் குறிப்பும் அவள் எழுதியதுதான்.

‘வீட்டில் இருப்பவர் தன் வாயால் கேட்டால் மட்டும் இதை எடு. அவர் பேச்சிலிருந்து ஊகித்து எடுக்காதே.’

போன வருடம்வரை அந்தக் குறிப்பு தளர்வாக இருந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பூட்டை மாற்றச் சொல்லிக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை அக்கறையாக அவள் கணவனுக்குப் போன் செய்து, உங்கள் மனைவி இந்த வீட்டில் அழுதுகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டது. அவள் விட்டு வந்த கணவன். எந்தப் படிவத்திலிருந்தோ பழைய எண் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்தப் பெண் ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்தாள். அதன்பின் எழுதியவைதான் அந்த இரண்டு வரிகள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, குறிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மேலாளர் அதைத்தான் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை அவள் சோதனைப் பிரதியில் அந்த வரிகளை எடுத்துவிட்டு வேறு எழுதினாள். ‘ஆள் தனியாகத் தவிக்கிறார் என்று தோன்றினால் இதை எடு.’ நாற்பது பதிவுகளையும் ஓட்டினாள். பழைய பேச்சைக் கொடுத்து, புதுக் குறிப்பை வைத்து, எந்தக் கருவியை எடுக்கிறது என்று பார்ப்பது வழக்கம்.

பதினொரு பதிவுகளில் அது உறவினரைக் கூப்பிடும் கருவியை எடுத்தது. ஆறு அண்ணனுடையவை. மிச்சம் ஐந்தைத் திறந்து படித்தாள். நாலில் கெடுதல் இல்லை. ஐந்தாவதில் ஒரு பெண், வாசல் விளக்கைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தாள். விளக்கு எரிகிறது என்று வயர்மேன் மூன்று முறை எழுதியிருந்தார்.

“எரியுதுங்க. ஆனா விடியுற வரைக்கும் எரியணும். யார் வந்து நிக்குறாங்கன்னு எனக்குத் தெரியணும்.”

அவளுக்கும் உறவினர் எண்ணில் ஒரு கட்டம் இருந்தது.

எழுதியதை அழித்தாள். பழைய இரண்டு வரிகளை எழுத்துப் பிசகாமல் திரும்ப வைத்தாள்.

சனிக்கிழமை அறையைப் பெருக்கினாள். துணி துவைத்தாள். சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், டிவியில் அல்ல, நிஜமாக. ஞாயிற்றுக்கிழமை அண்ணனுடைய எண்ணைக் கூப்பிட்டாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பதிவுக் குரல். அவளுடைய வேலைப் படிவத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில், அந்த எண்தான் இருந்தது.

திங்கட்கிழமை கீழ்த்தளத்துப் பட்டறைக்குப் போனாள். எந்தக் கருவிக்கு எழுதினாலும், அதன் கடைசி முனையில் இருக்கும் ஆளை ஒருமுறை பார்த்துவிடுவாள். வயர்மேனுக்கு ஐம்பது வயதிருக்கும். பெட்டிமேல் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு நிமிஷம்.”

அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லி நாலு வருடம் ஆகியிருந்தது.

“சொல்லுங்க மேடம். மேல இருந்து ஆள் வந்தா நான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன்னு அர்த்தம்.”

“இல்ல. செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக்குப் போறீங்களே. மூணாவது ஸ்விட்ச்.”

அவர் சிரித்தார். “அதுக்குப் பின்னாடி வயரே கிடையாது. பலகைல ஓட்டை தெரியக் கூடாதுன்னு கட்டுறப்பவே மாட்டி வச்ச சும்மா ஸ்விட்ச். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவரே இந்த வேலை பாத்தவர் மேடம்.”

“அப்புறம் ஏன் போறீங்க?”

“அனுப்புறீங்க, போறேன்.”

அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் தைலத்தை மூடினார்.

“கழட்டிப் பாருன்னுவார். கழட்டுவேன். உள்ள ஒண்ணும் இருக்காது. ரெண்டு பேரும் எட்டிப் பாப்போம். திரும்ப மாட்டிடுவேன். அதுக்குள்ள டீ வந்துடும். ரெண்டு டம்ளர் முன்னாடியே எடுத்து வச்சிருப்பார்.”

“என்ன பேசுவார்?”

“அவர் எங்க பேசுறார். நான்தான் பேசுவேன். முட்டி வலி, மச்சானோட அட்டகாசம், வீட்டுக்காரி திட்டுனது. கேட்டுட்டு உக்காந்திருப்பார். ஏழாம் பிளாக்ல மூணாவது மாடி, கடைசிக் கதவு. அங்க லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படி பாத்து எறங்குய்யான்னு ஒவ்வொரு வாரமும் சொல்லுவார்.”

பிளாக்கை அவள் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

“பத்து பத்துக்கே ஏன் கூப்பிடுறார்?”

“பத்து மணிக்கு எங்களுக்கு ஷிப்ட் மாறும். பத்து நிமிஷம் டீ. பத்து பத்துக்குக் கூப்பிட்டா அன்னிக்கு மொத வேலை அவரோடது. டிப்போல இருந்த ஆளுக்கு இதெல்லாம் தெரியாதா?” பெட்டியிலிருந்து எழுந்தார். “இனிமே போக வேணாம்னு சொல்லப் போறீங்களா?”

“இன்னும் எழுதல.”

“எழுதுறதுன்னா சரி. நான் சொன்னேன்னு மட்டும் எழுத வேணாம்.”

மத்தியானம் எழுதினாள். மூன்று மணிக்கு நாற்காலியைப் பார்த்துப் படித்தாள்.

‘இதே குறைக்கு மூன்று முறை ஆள் சென்று, மூன்று முறையும் குறை இல்லை என்று பதிவாகியிருந்தால், இந்தக் கருவியை எடுக்காதே. காரணத்தை மறைக்காமல் சொல். பிறகு, யாருக்காவது தெரிவிக்க வேண்டுமா என்று ஒருமுறை கேள். பதிலை ஊகிக்காதே. வேண்டாம் என்றால் விட்டுவிடு.’

நாற்காலியில் அண்ணன் இருந்தார். படிக்கும்போதுதான் கவனித்தாள். வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆளுக்கு அவர் முகத்தைக் கொடுத்து எவ்வளவு நாள் ஆகிறது என்று தெரியவில்லை.

மேலாளர் நின்றபடி படித்தார்.

“ஒரு வரின்னேன். அஞ்சு வரி இருக்கு.”

“மூணாவது வரியத் தவிர எதை எடுத்தாலும் தப்பா நடக்கும். மூணாவதை எடுத்தா யாருக்கும் தெரியாது.”

“அதை எடுத்துடலாமா? யாருக்காவது தெரிவிக்கணுமான்னு நாம எதுக்குக் கேக்கணும்?”

“இல்லாத குறைக்கு ஒன்பது தடவை கூப்பிடுறவங்க வேற எதுக்கோ கூப்பிடுறாங்க. எதுக்குன்னு மாப்பிள்ளை கண்டுபிடிக்க வேணாம். கேட்டாப் போதும்.”

அவர் இன்னொரு முறை படித்தார். “நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்.” போகும்போது திரும்பினார். “தெரிஞ்சவங்க வீடா?”

“பேர் இல்லையே சார்.”

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குப் புதிய குறிப்பை நடைமுறைக்கு விட்டார்கள். விட்ட அன்று முதல் சில மணி நேரம் வரும் பேச்சுகளை அப்படியே திரையில் பார்ப்பது வழக்கம். யாரும் பேசாத நேரத்தைத் திரை விநாடிக் கணக்கில் காட்டும். ஒரு சாவி. ஒரு குழாய். மறுபடி ஒரு சாவி.

பத்து பத்து.

“படுக்கையறையில மூணாவது ஸ்விட்ச்.”

“இதே ஸ்விட்சை ஒன்பது தடவை எலக்ட்ரீசியன் வந்து பாத்திருக்கார். குறை எதுவும் இல்லைன்னு பதிவாயிருக்கு. அதனால இந்தத் தடவை அனுப்ப முடியலைங்க.”

பதினேழு விநாடி.

“சரி.”

“யாருக்காவது தெரிவிக்கணுங்களா?”

“யாருக்கு?”

“நீங்க குடுத்திருக்குற உறவினர் எண்ணுக்குச் சொல்ல முடியும்.”

திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. இருபது. முப்பது. அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாற்பத்தொன்று.

“வேணாம். அவளுக்கு வேலை இருக்கும்.”

“சரிங்க. வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

“வச்சிடுறேன்.”

போன் மேசைமேல் இருந்தது. வேண்டாம் என்றால் விட்டுவிடு. அது விட்டுவிட்டது.

மேலாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா, என்ன சுத்தமா பண்ணுது. எழுதுனது எழுதுனபடி.”

“ஆமா சார்.”

அவள் போனைப் பையில் போட்டாள். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“அரை நாள் லீவு.”

“குறிப்பு விட்ட அன்னிக்கா? யார் பாக்குறது?”

“மாப்பிள்ளை பாத்துப்பார்.”

கையெழுத்துப் போட்ட தாளின் நகல் மேசை இழுப்பறையில் இருந்தது. அதைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. பின்னாளில் புதியவர்களுக்காக அந்த வாசகங்களில் பாதியைத் திருத்திக் கொடுத்தவளும் அவள்தான்.

ஏழாம் பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை. படியேறினாள். முதல் மாடியில், இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று, என்று சொல்லிப் பார்த்தாள். முகவரி எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டாம் மாடியில், பழைய வீட்டில் விசாரித்தேன் என்று சொல்லிப் பார்த்தாள். விசாரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. மூன்றாம் மாடியில் எதுவும் சொல்லிப் பார்க்கவில்லை.

கடைசிக் கதவு. மணியை அழுத்தினாள்.

உள்ளே செருப்புச் சத்தம். கதவு திறப்பதற்கு முன்பே குரல் வந்தது.

“வர முடியாதுன்னாங்களேய்யா, அப்புறம் எப்படி...”

கதவு திறந்தது. அண்ணன் இளைத்திருந்தார். கண்ணாடி புதிது. சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் மேசை தெரிந்தது. மேசையில் இரண்டு டம்ளர். ஒன்று நிமிர்ந்திருந்தது. மற்றதைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அவருக்கு அவளை அடையாளம் தெரிய நேரம் ஆகவில்லை. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“மூணாவது ஸ்விட்சைப் பாக்க வந்தேண்ணே.”

அவர் கதவின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து, அவள் உள்ளே வர வழிவிட்டார். அவள் உள்ளே வந்ததும் கேட்டார்.

“உனக்கு யார் சொன்னா?”